பாலக்காட்டுக் கோட்டை: போர்க்களம் முதல் பூங்கா வரை

மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். கோவைப் பக்கமிருந்து மலபாருக்குப் படை நகர வேண்டுமென்றால் இதுதான் வழி. 1757-ல் பாலக்காட்டு அரசரான அச்சன், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியை எதிர்க்க மைசூரின் ஹைதர் அலியின் துணையை நாடினார். அப்படி உள்ளே வந்த ஹைதர், 1766-ல் இந்த வாசலுக்குப் பூட்டுப் போட்டதுபோல் எழுப்பியதுதான் பாலக்காட்டுக் கோட்டை. மக்கள் வாயில் அது, ஹைதரின் மகன் பெயரால், திப்பு கோட்டை.

சதுர வடிவம், தடித்த மதில், சுற்றிலும் அகழி. நான்கு மூலைகளிலும், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கொத்தளங்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இது அழகுக்கு வைத்ததல்ல. நேர்மதில் மட்டும் இருந்தால், அதன் அடியில் ஒட்டி நிற்கும் எதிரியை மேலிருந்து சுட முடியாது. எட்டிப் பார்ப்பவன்தான் அடிபடுவான். கொத்தளத்தில் நிற்பவனோ பக்கவாட்டில் மதிலோரம் முழுவதையும் குறிவைக்கலாம். உள்ளே போக அன்று தூக்குப்பாலம் ஒன்றுதான். அதைத் தூக்கிவிட்டால் அகழி தாண்ட வழியில்லை. இன்று அங்கே நிலையான பாலம் இருக்கிறது.

இத்தனை இருந்தும் கோட்டை பலமுறை கைமாறியது. 1768-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783-ல் மீண்டும் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அதுவும் நிலைக்கவில்லை; 1790-ல் மறுபடி பிடித்தபின்தான் அவர்கள் வசமே நிலைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களுடைய படை இங்கே தங்கியிருந்தது.

படை போனபின் கோட்டை சும்மா கிடக்கவில்லை. 1900-களில் தாலுகா அலுவலகம் வந்தது. துணைச் சிறையும் இயங்கியது. வெளியாரை உள்ளே விடாமல் தடுக்கக் கட்டிய மதில், உள்ளிருப்போரை வெளியே விடாமல் காத்தது! ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டையும் இதே பாதையில் நடந்ததுதான்: அரண்மனை, மனநல மருத்துவமனை, இரண்டாம் உலகப்போரில் கைதிகள் முகாம், இன்று இளைஞர் விடுதி.

இப்போது பாலக்காட்டுக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே ஆஞ்சநேயர் கோயிலில் விளக்கு எரிகிறது. அருகிலேயே ‘ராப்பாடி’ திறந்தவெளி அரங்கும், வாடிகா பூங்காவும், கூட்டங்களும் ஆட்டங்களும் நடக்கும் கோட்டை மைதானமும் இருக்கின்றன.

ஒவ்வொரு தலைமுறையும் தன் வேலை ஒன்றை இந்தக் கோட்டையிடம் கொடுத்தது. ஆள் நடமாட்டம் அற்றுப்போகாததால்தான் இது காட்டுக்குள் புதைந்த இடிபாடாகவில்லை. அடுத்தமுறை பாலக்காடு போனால் கொத்தள மூலையில் நின்று மதிலோரம் பாருங்கள்; கட்டியவனின் கணக்கு புரியும். அந்தக் கல்லில் பெயரைக் கிறுக்காமல், அகழியில் குப்பை போடாமல் திரும்புங்கள். நம் தலைமுறை இந்தக் கோட்டைக்குச் செய்ய வேண்டிய வேலை அதுதான்.