படகுத் துறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

கோவைக்குக் கடல் கிடையாது. ஆண்டு முழுவதும் கரை தொட்டு ஓடும் ஆறும் கிடையாது. வாலாங்குளத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுச் சவாரி தொடங்கியபோது நகரம் மகிழ்ந்ததற்கு அதுவே காரணம். ஊருக்குள்ளேயே, பேருந்தில் போய் இறங்கும் தூரத்தில், பிள்ளைகளைப் படகில் ஏற்றலாம் என்பது நல்ல விஷயம்தான். அது தொடர வேண்டும். ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தத் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், முடிவு என்ன?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உரிமையும் இருக்கிறது.

குளத்துக்கு வருவது எந்தத் தண்ணீர்?

வெள்ளியங்கிரி மலைச்சரிவில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தின் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. சித்திரைச்சாவடி தொடங்கி வரிசையாக அமைந்த அணைக்கட்டுகள் ஆற்று நீரை வாய்க்காலில் திருப்பும். ஒரு குளம் நிறைந்ததும் உபரி நீர் அடுத்த குளத்துக்கு இறங்கும். பாசனத்துக்காக முன்னோர் செய்த அருமையான ஏற்பாடு இது. இன்று அதே வாய்க்கால்கள் வழியாகத்தான் வீட்டுச் சாக்கடையும் குளத்துக்கு வருகிறது.

2010-இல் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் உள்ளிட்ட 8 குளங்களை மாநகராட்சி 90 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. 2013 வறட்சியில் பெரியகுளம் காய்ந்து கிடந்தபோது, பொதுமக்களும் தொண்டு அமைப்புகளும் கைகோத்துத் தூர்வாரினார்கள். பின்னர் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதையும் விளக்குகளும் வந்தன. கரை மாறிய அளவுக்குத் தண்ணீர் மாறவில்லை. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. ஆனால் பாதாளச் சாக்கடையில் இணையாத வீட்டின் கழிவு அந்த நிலையத்துக்குப் போகாது. தெரு வடிகாலில் இறங்கி, பள்ளத்தில் சேர்ந்து, குளத்துக்கு வந்துவிடும். 2011-இல் மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது சேர்ந்த பகுதிகளில் இந்தச் சிக்கல் அதிகம். சிங்காநல்லூர் குளத்திலும் ஒரு காலத்தில் படகு ஓடியது. அது நின்றுபோனது, அங்கே சாக்கடையும் ஆகாயத்தாமரையும் தீராத புகாராகவே இருக்கின்றன.

குளிக்கவில்லையே, என்ன ஆகும்?

படகில் போகிறவருக்குத் தண்ணீர் படாது என்று நினைப்பது தவறு. பெடல் மிதிக்கும்போது தெறிக்கும். குழந்தை கையை நீரில் விட்டு அளையும். அதே கையால் சிப்ஸ் சாப்பிடும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஆகிய மூன்றும் மலக்கழிவு கலந்த நீர் வாய்க்குள் போவதால் வருபவை. எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸுக்குக் காலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் அதன் வழியாகவும் கண் வழியாகவும் உடலுக்குள் கிருமியை ஏற்றிவிடும்.

2024 மார்ச்சில் லண்டன் தேம்ஸ் ஆற்றில் நடந்த ஆக்ஸ்போர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியை நினைவில் கொள்ளலாம். நீரில் ஈ.கோலி கிருமி மிக அதிகம் என்று தெரிந்ததும், துடுப்பு போடுவோர் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, காயங்களை மூடிக்கொள்ள வேண்டும் என்று அமைப்பாளர்கள் அறிவுறுத்தினார்கள். வென்ற அணி ஆற்றில் குதித்துக் கொண்டாடும் வழக்கமும் அந்த ஆண்டு தவிர்க்கப்பட்டது. பயிற்சி பெற்ற வீரர்களுக்கே இவ்வளவு எச்சரிக்கை தேவைப்பட்டது என்றால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தேவைப்படும்?

மழைக்கு அடுத்த நாள்தான் ஆபத்து அதிகம்

மழை பெய்தால் குளம் சுத்தமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். பல நாள் தெருவில் கிடந்த குப்பை, சாக்கடை அடைப்பு, இறந்த பிராணிகள், எலி வளைகளில் புகுந்து வந்த வெள்ளம் எல்லாவற்றையும் முதல் பெருமழை குளத்தில் கொண்டுவந்து தள்ளுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மழைக்குப் பின் 72 மணி நேரம் கடல் நீரில் இறங்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்வது இதனால்தான்.

காற்றோடு பெய்த மழை என்றால் இன்னொரு ஆபத்தும் சேரும். முறிந்த கிளையும் மரத்துண்டும் நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும். மோட்டார் படகின் விசிறியில் பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரைத் தண்டும் சிக்கினால் நடுக்குளத்தில் படகு நின்றுவிடும். அந்த நேரத்தில் பதறி எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் படகு கவிழும்.

குஜராத்தின் வதோதரா நகரில், ஹர்னி ஏரியில், 2024 ஜனவரி 18 அன்று பள்ளிச் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும், பலர் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இருந்ததும் பின்னர் வெளிவந்தன. அதுவும் நகருக்குள் இருக்கும், மாநகராட்சிக்குச் சொந்தமான ஏரிதான்.

ஏறும் முன், இறங்கிய பின்

- ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கு அதன் அளவில், கொக்கி மாட்டிய லைஃப் ஜாக்கெட் தராவிட்டால் ஏறாதீர்கள்.
- படகில் எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணைக் கேளுங்கள். ஒருவர் கூடினாலும் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.
- நீரில் நுரை, சாக்கடை நாற்றம், செத்து மிதக்கும் மீன், கறுத்த நிறம் இருந்தால் திரும்பிவிடுங்கள். பெருமழைக்குப் பின் மூன்று நாளாவது தள்ளிப்போடுங்கள்.
- காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். படகில் தின்பண்டம் வேண்டாம்.
- இறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவுங்கள்.
- அடுத்த 30 நாளுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை எது வந்தாலும் குளத்து நீர் பட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு. தாமதம்தான் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம்.

சட்டம் உங்கள் பக்கம்

மாசற்ற நீரும் காற்றும், அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, ஓடையிலோ நீர்நிலையிலோ தெரிந்தே மாசைக் கலக்க விடுவதைத் தடுக்கிறது. குளிக்கத் தகுந்த நீரில் 100 மில்லி லிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்பது மத்திய அளவுகோல். படகுத் துறையில் இந்த எண்ணை எழுதிவைக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை.

எங்கே, எப்படிக் கேட்பது?

முதலில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கடந்த ஓராண்டின் நீர்ப் பரிசோதனை முடிவுகள், குளத்தில் கழிவுநீர் சேரும் இடங்களின் பட்டியல், படகுகளின் பாதுகாப்புச் சான்று ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

சாக்கடை கலப்பதைக் கண்டால் தேதியும் இடமும் தெரியும்படி படம் எடுத்து, மாநகராட்சிக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோவை அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். 1100 எண்ணிலும் புகாரைப் பதியலாம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

படகுச் சவாரியில் காயமோ நோயோ வந்தால் டிக்கெட்டையும் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். கட்டணம் வாங்கிய சேவையில் குறைபாடு என்று, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழிகாட்ட 1915 என்ற உதவி எண் இருக்கிறது. "சொந்தப் பொறுப்பில் ஏறவும்" என்ற பலகை, நடத்துபவரைத் தானாகப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடாது.

அதிகாரிகள் எதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருக்கிறது. பொதுவான மனுவுக்கு 1,000 ரூபாய் கட்டணம். பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். நொய்யலைக் காக்க நீதிமன்றம் போனவர்கள் முன்பே இருக்கிறார்கள். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி வயல்கள் பாழானபோது விவசாயிகள் விடாமல் போராடினார்கள். 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

உங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: மாதம் ஒருமுறை நீர்ப் பரிசோதனை, முடிவைப் படகுத் துறையில் பெரிய எழுத்தில் வைத்தல், பெருமழைக்குப் பின் மூன்று நாள் சவாரி நிறுத்தம். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. சாக்கடையைக் குளத்திலிருந்து திருப்பும் பெரிய வேலை முடியும்வரை, பிள்ளைகளைக் காக்கும் குறைந்தபட்ச ஏற்பாடு இதுதான்.