மறைத்து வையுங்கள்... மறக்காமல் இருக்க!

"ஏம்மா, கர்ப்பமா இருந்தப்ப உங்களுக்குச் சர்க்கரை இருந்திருக்கே... பிரசவத்துக்கு அப்புறம் டெஸ்ட் எடுத்துப் பார்த்தீங்களா?"

பாப்பாவுக்கு ஒன்றரை வயசு பூஸ்டர் ஊசி போடப் போன இடத்தில், அட்டையைப் புரட்டியபடி நர்ஸம்மா கேட்ட கேள்வி இது. எனக்குச் சுரீர் என்றது. எடுக்கவில்லையே!

மறந்துவிட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஏனென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே என் செல்போனில், 'செய்ய வேண்டியவை' பட்டியலில் எழுதி வைத்தவள் நான். 'ஆறு வாரம் கழித்து எனக்கு ரத்தப் பரிசோதனை.' வெளியே வந்து போனைத் திறந்து பார்த்தேன். 47-வது வரியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மேலே 'பாப்பாவுக்கு ஸ்வெட்டர்', கீழே 'தையல் மெஷின் ரிப்பேர்'. ஒன்றரை வருஷமாகத் தினமும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்!

மறுநாளே பரிசோதனைக்குப் போனேன். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-க்குக் கீழே இருந்தால் நல்லது. 200-க்கு மேல் போனால் நீரிழிவு. எனக்கு 168. இரண்டுங்கெட்டான் நிலை!

"கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும். ஆனால் பின்னால் நிஜமாகவே நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் ஆறு வாரத்தில் ஒரு தடவை, பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறோம்" என்றார் டாக்டரம்மா. தினமும் நடை, சாதத்தைக் குறை, எடையைக் குறை, ஆறு மாதம் கழித்து மறுபடி வா என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வியாதிக்காக அல்ல, எழுதி வைத்தும் கோட்டை விட்டேனே என்று.

என் மாமியாரிடம் செல்போன் பட்டியல் எல்லாம் கிடையாது. ஜவுளிக்கடையில் கொடுத்த தினசரி காலண்டர்தான். அந்த வாரமே ஒரு நாள் காலையில் தாளைக் கிழித்தவர், "இன்னிக்கு கேஸ் ட்யூப் மாத்தச் சொல்லணும்மா. அஞ்சு வருஷம் ஆயிடுச்சு" என்றார். தாளில் பென்சிலால் எழுதியிருந்தது.

"அஞ்சு வருஷம் கழிச்சு வர்றதை எப்படி அத்தை ஞாபகம் வெச்சிருந்தீங்க?"

"நான் எங்கே ஞாபகம் வெச்சேன்? டிசம்பர் கடைசித் தாள்ல எழுதிடுவேன். புதுக் காலண்டர் வந்ததும் அதைப் பார்த்து மாத்தி எழுதுவேன். வேளை வந்த வருஷம் அந்தந்தத் தேதித் தாளுக்குப் போயிடும். கிழிக்கற வரைக்கும் கண்ணுல படாது. கிழிக்கற அன்னிக்குத் தப்பாது. தினமும் பார்த்துக்கிட்டே இருந்தா அது சுவத்துல ஆணி மாதிரி ஆயிடும்மா. இருக்கறதே தெரியாது!"

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. நான் செய்த தப்பு அதுதான். எழுதிய அன்றைக்கு அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆறு வாரம் இருக்கிறது. அதனால் முதல் நாளிலிருந்தே என் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. ஆறு வாரம் முடிந்த அன்றும் பழக்கதோஷத்தில் தாண்டிப் போய்விட்டது!

இந்தச் சூட்சுமத்தை மேல்நாட்டிலும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் 2001-ல் எழுதிய 'கெட்டிங் திங்ஸ் டன்' என்ற புத்தகத்தில் 43 உறைகளைப் பற்றிச் சொல்கிறார். 31 நாளுக்கு 31, 12 மாதத்துக்கு 12. எந்தக் காகிதம் என்றைக்குத் தேவையோ அந்த உறைக்குள் போட்டு மூடிவிட வேண்டும். தினமும் அன்றைய உறையை மட்டும் திறக்க வேண்டும். அத்தையின் காலண்டரும் இதுவும் ஒன்றுதானே!

ஒரு மத்தியானம் பாப்பா தூங்கும்போது உட்கார்ந்து எண்ணினேன். என் பட்டியலில் 63 வரிகள். மூன்றாகப் பிரித்தேன்.

இந்த வாரமே செய்யக்கூடியவை 9. இவை மட்டும் கண் எதிரே.

வேளை வந்தால்தான் செய்ய முடியும் என்பவை 31. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டேன். பட்டியல் போடும் செயலிகள் பலவற்றில் 'இன்று' என்று ஒரு பக்கம் உண்டு. தேதி போட்டது அன்றைக்குத்தான் அங்கே தலைகாட்டும். அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். செயலி இல்லையா? போனிலுள்ள காலண்டரில் அந்தத் தேதியில் எழுதி, மணி அடிக்க வையுங்கள். அதுவே போதும்.

இதில் ஒரு விஷயம் முக்கியம், சகோதரிகளே! போட வேண்டியது கெடு தேதி அல்ல; கண்ணில் பட வேண்டிய தேதி. பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால் வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டும். மார்ச் 31 கெடு. நான் மார்ச் 1-ல் போட்டிருக்கிறேன். பாப்பாவுக்கு 5 வயசில் அடுத்த பூஸ்டர். பிறந்த நாளுக்கு முந்தின வாரத்தில் போட்டிருக்கிறேன். பூச்சி மாத்திரை கொடுக்கும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை வருஷா வருஷம் தானே திரும்பி வரும்படி வைத்திருக்கிறேன்.

மிச்சம் 23. 'ஹிந்தி கற்றுக்கொள்ள', 'தையல் மெஷின் ரிப்பேர்' என்று தேதியே இல்லாத ஆசைகள். இவற்றைத் தனிப் பட்டியலாக ஒதுக்கி, 'தூங்குகிறவர்கள்' என்று பெயர் வைத்தேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்து பார்ப்பேன். எழுப்ப வேண்டியதை எழுப்புவேன். வேண்டாததை அழிப்பேன். இந்த ஞாயிற்றுக்கிழமை இல்லையென்றால் தூங்குகிறவர்கள் தூங்கியே போய்விடுவார்கள்!

அதே போல், தேதி போடாமல் எதையும் ஒளிக்கக் கூடாது. அது தொலைப்பதற்குச் சமம். போனே தொலைந்துவிட்டால்? பட்டியல் உங்கள் மின்னஞ்சல் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு சம்பந்தப்பட்டதை மட்டும் காகிதத்திலும் ஓர் இடத்தில் எழுதி வையுங்கள்.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் பழைய புத்தி போகவில்லை, கேளுங்கள். ஆறு மாதம் கழித்து, போட்ட தேதியில் மணி அடித்தது. 'எனக்கு ரத்தப் பரிசோதனை.' அன்று பாப்பாவுக்கு ஜுரம். நாளைக்கு என்று தள்ளினேன். மறுநாள் அவருக்கு ஆபீஸில் ஆடிட், பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மறுபடியும் தள்ளினேன். அத்தை உறவில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார்.

தள்ளுவது எத்தனை சுலபம் பாருங்கள்! ஒரு விரல் போதும். அதிலும் குழந்தையின் ஊசியை நாம் தள்ளுவதில்லை. அவருடைய மாத்திரையைத் தள்ளுவதில்லை. நம் உடம்பு என்றால் மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'. அன்று ராத்திரியே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். எதையும் இரண்டு தடவைக்கு மேல் தள்ளக் கூடாது. மூன்றாவது தடவை வந்தால் செய்ய வேண்டும், அல்லது 'இனி இது வேண்டாம்' என்று துணிந்து அழிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையை அழிக்க என் விரல் வருமா? மூன்றாம் நாள் அவரிடம், "நீங்க ரெண்டு மணி நேரம் பாப்பாவைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

136! ஆறு மாத நடைக்குப் பலன்.

"நல்லது. ஆனா இத்தோட விட்டுடாதீங்க. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வாங்க" என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று போனில் தேதி போட்டேன். பட்டியலிலிருந்து அது மறைந்தது. மனசும் லேசாயிற்று.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்தேன். அடுத்த தாளில் பென்சில் எழுத்து. கல்யாணத்துக்குக் கிளம்புமுன் அத்தை எழுதியது: 'மருமகள் ரத்த டெஸ்ட் எடுத்தாளா? கேட்கணும்.'