கைக்குப் பொருந்தும் பிஸ்டல்

வெடிமருந்தால் இயங்கும் கைத்துப்பாக்கிகளுள் இலக்குச் சுடுதலுக்குப் புதியவருக்கு ஏற்றதென்று பொதுவாகச் சொல்லப்படுவது, சுடுவோர் ‘பாயின்ட் டூ டூ’ என்று அழைக்கும் .22 பிஸ்டலே ஆகும். குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் என்பதால் அமைந்த பெயர் இது. இதில் இடப்படும் ‘லாங் ரைஃபிள்’ தோட்டா 1887-இல் அமெரிக்காவில் உருவாயிற்று. அதன் ஈயக்குண்டு பெரும்பாலும் 2.6 கிராம் எடையுடையது. காவலர் இடுப்பில் காணப்படும் 9 மி.மீ. பிஸ்டலின் குண்டோ ஏறக்குறைய 8 கிராம். இத்தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து, பெரிய தோட்டாக்களில் போல அடிப்பகுதியின் நடுவில் தனிக் குப்பியாக இல்லாமல், அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பரப்பப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்குவதால்தான் தோட்டா வெடிக்கிறது. நசுங்க வேண்டிய விளிம்பு மெல்லியதாக இருந்தாக வேண்டும் என்பதால் தோட்டாவுக்குள் எழும் அழுத்தத்துக்கும் எல்லை உண்டு. அதனால் கையில் உணரப்படும் பின்னுதைப்பும் சிறிது, வெடியோசையும் சிறிது.

இச்சிறுமையை வெறும் சிக்கனமாகக் கருதுவது தவறு. பெரிய துப்பாக்கியின் உதைப்புக்கு அஞ்சும் புதியவர், வெடிக்கும் கணத்துக்குச் சற்று முன்பே கண்ணைச் சிமிட்டி மணிக்கட்டை இறுக்கிவிடுகிறார். அவ்வாறு குண்டு கீழே இறங்குவதற்குக் காரணம் கையா, கண்ணா, விரலா என்று பிரித்தறிய அவருக்கு வழியில்லாமல் போகிறது. உதைப்புக் குறைந்த .22-இல் அந்த மறைப்பு விலகுவதால் ஒவ்வொரு பிழையும் தனித்துத் தெரிகிறது.

வாங்க முனைவோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ‘எது அதிகத் துல்லியம்?’ என்பதே. தரமான எந்த இலக்குப் பிஸ்டலும், தாங்கியில் இறுகப் பூட்டிச் சுடப்படும்போது, தொடக்கநிலையில் உள்ள எவருடைய கையையும் விடத் துல்லியமாகவே சுடும். ஆகவே குழலின் திறனுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தொடக்கத்தில் பயனற்றது. பார்க்க வேண்டியவை பிடியும் விசையும்தான்.

ஒலிம்பிக் முறையில் பிஸ்டலை ஒரே கையால், வேறு எவ்விதத் தாங்கலுமின்றி, மணிக்கட்டுக்கு ஆதரவு ஏதும் இல்லாமல் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும் என்பதால், உள்ளங்கைக்கும் துப்பாக்கிக்கும் இடையிலுள்ள மரப்பிடியே அனைத்துக்கும் அடிப்படையாகிறது. போட்டிப் பிஸ்டல்களில் இப்பிடி, விரல்கள் படியும் பள்ளங்களோடும், உள்ளங்கையின் விளிம்பைத் தாங்கும் மேலேற்றிக் கீழிறக்கக்கூடிய ஒரு தட்டோடும் செதுக்கப்படுகிறது. வலக்கைக்குச் செய்தது இடக்கைக்கு உதவாது. அனுபவமுள்ளோர் கடையில் வாங்கிய பிடியை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அழுத்தும் இடத்தை அரத்தால் ராவியும், வெற்றிடம் உள்ள இடத்தை மரப்பூச்சுக் கலவையால் நிரப்பியும், வாரக்கணக்கில் அதைத் தம் கையின் அச்சாக மாற்றிவிடுவர். பொருத்தத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: வெற்றுப் பிஸ்டலைப் பிடித்து, கண்களை மூடிக்கொண்டு கையைச் சுடும் உயரத்துக்கு உயர்த்தி, பின்பு கண்களைத் திறந்து பார்த்தால், குழல் முனையிலுள்ள முன்குறி, பின்னாலுள்ள பின்குறியின் பிளவுக்குள் தானாகவே நின்றிருக்க வேண்டும். இடப்புறமோ வலப்புறமோ ஒதுங்கி நின்றால் அந்தப் பிடி அந்தக் கைக்கு உரியதன்று. மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்து பழகினால் களைப்பு ஏறும்போது அம்முறுக்கு தளர்ந்து குண்டுகளும் விலகும். கை என்பது மாற்றவே முடியாததும் அன்று. ஹங்கேரியின் காரொய் தகாச், 1938-இல் எறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தபின் இடக்கையால் சுடப் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். ஆயினும் அது அவருடைய மனவுறுதியைக் காட்டுமே தவிர, பொருந்தாத பிடியோடு போராடுவதற்கு நியாயமாகாது.

அடுத்தது, சுடுவோர் ‘டிரிக்கர்’ என்றே சொல்லும் விசை. நல்ல விசை இரு கட்டமாக இயங்கும்: முதலில் சிறிது தளர்வாகப் பின்னகர்ந்து, ஒரு தடையில் நின்று, அதன்மேல் கூடுதல் அழுத்தம் சேரும்போது இழுபடாமல், கண்ணாடிக் குச்சி முறிவது போல் சட்டென விடுபடும். விரலின் முதற்கணுவின் சதைப்பகுதி மட்டுமே விசையில் படவேண்டும். விரலின் பக்கவாட்டு மரப்பிடியில் உரசினால் ஒவ்வொரு அழுத்தமும் துப்பாக்கியைப் பக்கவாட்டில் தள்ளும். .22-ஐக் கொண்டு சுடும் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்குச் சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பு விதித்துள்ள குறைந்தபட்ச விசை எடை 1000 கிராம். போட்டிக்கு முன் குழல் வானோக்க நிறுத்தப்பட்டு, 1000 கிராம் எடைக்கல் விசையில் மாட்டி மேலே தூக்கப்படும். கல் தரையைவிட்டு எழும்வரை விசை விடுபடாவிட்டால் மட்டுமே அத்துப்பாக்கிக்கு அனுமதி. புதியவர் இந்த எல்லையை ஒட்டியே விசையை அமைக்க ஆசைப்படுவதுண்டு. எனினும் எல்லைக்குச் சற்று மேலே இருக்கும் விசை, எண்ணாத கணத்தில் விடுபடுவதைத் தடுக்கும் என்பதால் தொடக்கத்தில் அதுவே நலம்.

குறிபார்ப்பது பற்றிய தவறான எண்ணத்தை ஒரு சிறு கணக்கே நீக்கிவிடும். 25 மீட்டர் பிஸ்டலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அனுமதிக்கப்படும் தொலைவு அதிகபட்சம் 220 மி.மீ. அந்த அளவில், முன்குறி பிளவுக்குள் அரை மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு நகத்தின் தடிமன் அளவு, ஒதுங்கினால் குண்டு இலக்கில் ஏறத்தாழ 57 மி.மீ. விலகும். நிதானச் சுடுதல் இலக்கின் பத்தாம் வளையத்தின் விட்டமே 50 மி.மீ. என்பதால், அது எட்டாம் வளையத்தில் போய் விழும். மாறாக, இரு குறிகளும் ஒழுங்காக நின்று, கை முழுவதுமாக 20 மி.மீ. அசைந்தால் குண்டும் 20 மி.மீ. மட்டுமே விலகிப் பத்துக்குள்ளேயே இருக்கும். எனவே கண் நிலைக்க வேண்டியது முன்குறியில். இலக்கின் கருவட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும். வாங்கும்போதும், முன்குறியின் இருபுறமும் போதிய வெளிச்சம் தெரிகிறதா, பின்குறியைத் திருகி நுணுக்கமாக நகர்த்த முடிகிறதா என்று பார்ப்பது, குழலின் பளபளப்பைப் பார்ப்பதைவிட மேல்.

ஒலிம்பிக் முறைக்கென்றே வடிவமைத்த இத்தாலிய, ஜெர்மானிய, ஆஸ்திரியப் பிஸ்டல்கள் தவிர, எளிய இலக்குப் பிஸ்டல் என்றொரு தனி மரபும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 1949-இல் 37.50 டாலருக்கு விற்கத் தொடங்கிய .22 பிஸ்டல், அச்சில் அழுத்தி எடுத்த இரு எஃகுத் தகட்டுப் பாதிகளைப் பற்றவைத்துச் செய்யப்பட்டதாயினும், குழல் அசையாமல் பொருத்தப்பட்டிருந்ததால் நன்றாகவே சுட்டது. அதன் வழிவந்த வடிவங்கள் இன்றும் பொழுதுபோக்குச் சுடுதலில் பரவலாக உள்ளன. அவற்றைப் பிரித்துத் துடைத்தபின் திரும்பப் பூட்டுவதுதான் நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது. 2016-இல் வந்த நான்காம் வடிவம், பின்னாலுள்ள ஒரு பொத்தானை அழுத்தியே பிரிக்கும் வசதியோடு அக்குறையைத் தீர்த்தது.

இந்தியாவில் .22 பிஸ்டல் வைத்திருக்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. போட்டித் தரமுடையவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. அதனால் புதியவர் சுடுதல் சங்கத்தின் துப்பாக்கியில் பழகுவதும், அதற்கும் முன்பு 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குவதும் இங்கே இயல்பாகிவிட்டன. ஏர் பிஸ்டலின் விசை எல்லை 500 கிராம்; பத்தாம் வளையம் 11.5 மி.மீ.; உதைப்பு ஏறக்குறைய இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்ற இந்திய வீராங்கனை மனு பாக்கர், அதே போட்டிகளில் 25 மீட்டர் பிஸ்டலிலும் நான்காமிடம் பெற்றது, இவ்விரண்டின் அடிப்படையும் ஒன்றே என்பதை உணர்த்தும். அவரே 2021-இல் டோக்கியோவில், தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கி பழுதாகி, நிமிடங்களை இழந்து இறுதிச்சுற்றைச் சிறு இடைவெளியில் தவறவிட்டார். உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் எட்டும் தொலைவில் இருக்கிறார்களா என்ற விசாரணை, விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே நடக்க வேண்டியது.

தோட்டாவின்றி விசையை மட்டும் அழுத்திப் பழகும் ‘ட்ரை ஃபயரிங்’, எந்தச் சுடுபவருடைய பயிற்சியிலும் பெரும்பங்கு வகிக்கிறது. .22-இன் ஊசி, தோட்டா இல்லாதபோது தோட்டா அறையின் விளிம்பிலேயே நேரடியாக மோதக்கூடும் என்பதால், அப்பயிற்சிக்கு இடம்கொடுக்கும் அமைப்பு உள்ளதா என்று வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். இல்லையெனில் போலித் தோட்டா இட்டே பழக வேண்டும். சுடுதளத்தில் துப்பாக்கி பயன்பாட்டில் இல்லாத நேரமெல்லாம், தோட்டா அறை வெறுமையாக உள்ளதை எவரும் தொலைவிலிருந்தே காணுமாறு, பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கொடி அதனுள் செருகப்பட்டிருக்கும். புதிய பிஸ்டலோடு முதல் நாளில் வாங்கவேண்டிய மலிவான பொருளும் அதுவே.