தென்கடலில் ஏன் இன்னும் ஒரு காற்றாலைகூட இல்லை?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் மேலே படும் காற்றை நம்பி யாரும் கடலில் காற்றாலை நட மாட்டார்கள். தமிழகக் கடலில் ஆய்வாளர்கள் குறித்த எட்டு மண்டலங்களும் கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே தெற்கில்தான் இருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் மலைக் கணவாய்களில் பிதுங்கி வேகமெடுக்கும் காற்று மன்னார் வளைகுடாவில் தடையின்றி ஓடுகிறது. அங்குள்ள மீனவர்கள் கச்சான் என்பது இதைத்தான். நம் கரைக்கு அந்த வேகம் வருவதில்லை, வருவது புயல். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல். காற்று நொடிக்கு 25 மீட்டரைத் தொட்டால் பெரும்பாலான காற்றாலைகள் தாமாகவே நின்றுவிடும்.

கடல் காற்றாலைக் கொள்கை வந்தது 2015இல். ஆனாலும் கச்சான் அடிக்கும் கடலில் இன்றுவரை ஒன்றுகூட எழவில்லை. முக்கியக் காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

கடலில் அடித்தளம் என்பது பெரும்பாலும் ஒரு ராட்சத எஃகுக் குழாய். விட்டம் ஐந்தாறு மீட்டருக்குக் குறையாது, எடை பல நூறு டன். அதைக் கப்பலில் கொண்டுபோய் நிமிர்த்தி, ஹைட்ராலிக் சுத்தியலால் கடல்தரையில் அடித்து இறக்க வேண்டும். அந்தச் சத்தம் தண்ணீருக்குள் பல கிலோமீட்டர் போகும். ஐரோப்பாவில் அதை அடக்க, தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழ்த் திரை எழுப்புகிறார்கள். கடற்பசுவும் பவளப்பாறையும் உள்ள மன்னார் வளைகுடாவில் இந்தச் செலவில் கைவைக்க முடியாது. பிறகு, கால்களைக் கடல்தரையில் ஊன்றித் தன்னைத்தானே நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொள்ளும் கப்பல் வந்து கோபுரத்தையும் இறக்கைகளையும் பொருத்தும். இப்படிப்பட்ட கப்பல்கள் உலகிலேயே குறைவு, வாடகை எக்கச்சக்கம். மின்சாரம் கொட்டப்போகும் கச்சான் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் அவற்றால் வேலை செய்யவும் முடியாது என்பதுதான் வேடிக்கை.

எல்லாம் விலையில் வந்து ஏறுகிறது. சூரிய மின்சாரம் யூனிட் 2.50 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்? 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை குஜராத், தமிழகக் கடல்களில் தலா 500 மெகாவாட்டுக்காக 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் 600 கோடி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த. அப்படியும், தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கான கடற்படுகைக் குத்தகை டெண்டர் 2025இல் ரத்தானது. பிரான்சுக்கே இது சுலபமாக இல்லை. சென் நசேர் கரைக்கு அப்பால் 80 காற்றாலைகள், 480 மெகாவாட். 2012இல் ஒப்பந்தம் கொடுத்தார்கள். வழக்குகளைத் தாண்டி மின்சாரம் வந்தது 2022இல்.

கடலுக்குள் கட்டினால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே நகரும் மணல் அதில் மறிபட, நகரத்துக் கடற்கரை கருங்கல் குவியலானது. 2018இல் கடலடியில் எஃகுத் திட்டு இறக்கிய பிறகே கொஞ்சம் மணல் திரும்பியது. தனித்தனித் தூண்கள் சுவரைப்போல மணலை மறிக்காது. ஆனால் நீரோட்டம் தூணடி மண்ணை அரிக்கும், அதனால் சுற்றிலும் கல் கொட்டுவார்கள். கேபிளையும் மண்ணுக்குள் புதைப்பார்கள். இழுவை மடிக்கு இரண்டுமே எதிரி.

கட்டுமானம் நடக்கும் இடத்துக்குள் படகுகளை விட மாட்டார்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. கட்டுமானத்தால் போகும் தொழில் நாட்களுக்கு யார், எவ்வளவு கொடுப்பது என்பதை அடுத்த டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்.