இடுப்பிலே குழந்தை, பஸ்சிலே கூட்டம்!

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஆலங்குளத்தில் பஸ் ஏறுவது பெரும்பாடு. நெல்லையில் இருந்து தென்காசி போகும் பஸ், வரும்போதே நிரம்பி வழியும்.

ஒரு கையில் குழந்தை. மறு கையில் துணி மூட்டை. கம்பியைப் பிடிக்கக் கை ஏது? டிரைவர் 'பிரேக்' போட்டால் என்ன ஆகும்?

நரிக்குறவப் பெண்கள் குழந்தையைத் துணியால் உடம்போடு கட்டிக்கொள்வார்கள். அதையே இப்போது வார் வைத்துத் தைத்து, கடைகளில் பையாக விற்கிறார்கள். கட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். அப்பாவும் கட்டலாம். மீசைக்கு ஒன்றும் குறைந்துவிடாது!

ஆனால், ஒன்று கவனிக்க வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் கண்ணில் படவேண்டும். அதன் முகவாய் நெஞ்சில் அழுந்தக்கூடாது. துணி மூக்கை மூடக்கூடாது. அழுந்தினாலும் மூடினாலும் மூச்சு முட்டும். அழக்கூட முடியாது. 4 மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஆபத்து அதிகம். தலை நிற்காத குழந்தைக்குப் பை தலையையும் தாங்க வேண்டும். கால்கள் தவளைக்கால் போல மடங்கி இருப்பது நல்லது.

பை இருக்கிறதே என்று நின்றுகொண்டே போகவேண்டாம். இடம் கேட்டு உட்காருங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

அருவிக்கரை வந்ததும் பையைக் கழற்றிவிடுங்கள். நனைந்த துணி மூக்கில் ஒட்டும். பாறையும் வழுக்கும். குழந்தையோடு ஒருவர் கரையில் இருக்கட்டும். மற்றவர்கள் முறை வைத்துக் குளிக்கலாம்.