செல்லமும் பேணுதலும்: வீட்டு நாயின் அன்றாட வாழ்வு

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் குணத்தை விடாது என்பது நம் பெரியோர் சொல்லி வைத்த பழமொழி. இதனை இகழ்ச்சியாகவே நாம் வழங்கி வந்தோம். ஆயின் இன்று நாயைக் குளிப்பாட்டுவதும் நடுவீட்டில் மெத்தையிட்டு வைப்பதும் நகரங்களில் நாள்தோறும் நடைபெறும் காரியங்களாகிவிட்டன. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி இல்லங்களில் பிள்ளைக்கு ஒப்பாக நாய் வளர்கிறது. இந்நிலையில் அப்பழமொழியை, இகழ்ச்சியை நீக்கிச் சற்றே ஊன்றிப் பார்த்தால், அதில் ஓர் உண்மை பொதிந்திருப்பது புலனாகும். எத்தனை சீராட்டினாலும் நாய் நாயாகவே இருக்கிறது. அதன் வயிறு நாயின் வயிறு. அதன் தோல் நாயின் தோல். அதன் அச்சமும் மகிழ்ச்சியும் அதற்கே உரியவை. இதனை மறந்து நாம் செலுத்தும் அன்பு சில வேளைகளில் அதன் ஆயுளையே குறைத்துவிடுகிறது. ஆதலின், செல்லம் எது, பேணுதல் எது என்று பிரித்து அறிவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நாயைப் பேணுவது நேற்றுத் தோன்றிய நாகரிகம் அன்று. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே 1914-ஆம் ஆண்டில் ஒரு பழைய புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாய்க்குட்டியும் சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்தனர். அதன் காலம் இன்றைக்கு ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அக்குட்டியின் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள், அது டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயால் பல வாரங்கள் துன்புற்றிருக்க வேண்டும் என்று 2018-இல் கூறினர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயுற்ற குட்டி, மனிதர் அருகிருந்து பார்த்துக் கொண்டாலன்றி அத்தனை நாள் உயிர் தரித்திருக்க முடியாது. பயன் கருதாத பரிவு அன்றே பிறந்துவிட்டது எனலாம்.

நம் நாட்டிலும் இதற்குக் கதைகள் உண்டு. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்று தருமபுத்திரர் மறுத்ததை மகாபாரதம் கூறுகிறது. மற்றொரு புறம், 1947 வரை ஜுனாகத் சமஸ்தானத்தை ஆண்ட நவாப் நூற்றுக்கணக்கான நாய்களை வளர்த்தவர். தம் நாய் ஒன்றுக்கு ஆடம்பரமாகத் திருமணமே நடத்தினார் என்பர். தருமபுத்திரரின் நாய்க்குக் கிடைத்தது கைவிடாத துணை. நவாபின் நாய்க்குக் கிடைத்தது பட்டும் பவிசும். இவ்விரண்டில் நாய்க்கு வேண்டியது எது என்று சொல்லத் தேவையில்லை.

நாயின் நல்வாழ்வு அதனைத் தேர்ந்தெடுக்கும்பொழுதே தொடங்குகிறது. குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் குறைந்தது எட்டு வாரங்களேனும் இருத்தல் வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதையும், பிற நாய்களோடு பழகும் முறையையும் அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுகின்றன. அடுத்து, நம் தட்பவெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்கென்று வளர்க்கப்பட்ட ஹஸ்கி இனத்தையும், ஆல்ப்ஸ் மலையைச் சேர்ந்த செயின்ட் பெர்னார்டு இனத்தையும் கொணர்ந்து, மே மாதத்துத் தில்லி வெயிலில் வளர்ப்பது அவற்றுக்குப் பெருந்துன்பம். முகம் சப்பையான பக் போன்ற இனங்களோ மூச்சுவிடவே இடர்ப்படுபவை. இராஜபாளையம், முதோல், ராம்பூர் முதலிய நம் நாட்டு இனங்கள் இவ்வெப்பத்திலேயே தோன்றி வளர்ந்தவை. இம்மூன்றினையும் இமயமலை நாயோடு சேர்த்து 2005-இல் நம் அஞ்சல் துறை தபால்தலைகளில் பொறித்துச் சிறப்பித்தது. தெருவில் பிறந்த குட்டியும் அன்போடு எடுத்து வளர்த்தால் எவ்வினத்துக்கும் குறைந்ததன்று.

இனி உணவுக்கு வருவோம். நாய் இறைச்சி மட்டுமே உண்ண வேண்டும் என்பார் சிலர். இது சரியன்று. ஓநாயினின்று பிரிந்து மனிதரோடு வாழத் தலைப்பட்ட பின் மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் நாய்க்கு மிகுந்துவிட்டது என்பதைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் எடுத்துக் காட்டினர். ஆகவே சோறும் ரொட்டியும் அதற்கு ஒவ்வாதவை அல்ல. எனினும் வெறும் பாலும் சோறும் மட்டும் போதா. முட்டை, மீன், இறைச்சி போன்ற புரதம் மிக்க உணவு சேர்தல் வேண்டும். உப்பும் காரமும் மசாலையும் சேர்த்த நம் குழம்பு அதற்கு ஏற்றதன்று.

நாம் விளையாட்டாகக் கொடுக்கும் சில பண்டங்கள் நாய்க்கு நஞ்சாகும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் விரைவில் வெளியேற்றாது. அது தங்கி இருதயத்தைத் தாக்கும். வெங்காயமும் பூண்டும் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே, பாயசத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் உலர் திராட்சையும் தீங்கே. சர்க்கரைக்கு மாற்றாகச் சில மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் சிறிதளவே உயிரைப் பறிக்க வல்லது. வேகவைத்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நஞ்சு அல்லாத தின்பண்டத்திலும் அளவு வேண்டும். ஐந்து கிலோ எடையுள்ள சிறு நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ 350 கலோரி. ஓர் இனிப்பு பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி இருக்கும். தாத்தா இரண்டு, பாட்டி இரண்டு, பள்ளியினின்று திரும்பிய பேரன் இரண்டு என்று ஆறு பிஸ்கட்டுகள் கொடுத்தால், வழக்கமான உணவுக்கு மேலே நாளின் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கினைக் கொடுத்தவர்களாகிறோம். இதன் விளைவு எத்தகையது? அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இரு பிரிவாக்கி அவற்றின் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தனர். ஒரு பிரிவுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவளிக்கப்பட்டது. குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. இம்முடிவு 2002-இல் வெளியாயிற்று. பன்னிரண்டு ஆண்டு வாழும் உயிருக்கு இரண்டு ஆண்டு என்பது சிறிதன்று. நம் நாய் பருத்திருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. விலாப்புறத்தில் கையை மெல்ல வைத்துத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிடின் உணவைக் குறைத்து நடையைக் கூட்டுவதே மருந்து.

நாயின் நாள் ஓர் ஒழுங்கில் செல்லுதல் நன்று. உணவு, நடை, விளையாட்டு, உறக்கம் ஆகியவை குறித்த நேரத்தில் நிகழ்ந்தால் அதன் மனம் அமைதியுறும். காலையும் மாலையும் நடத்திச் செல்வது மலசலத்துக்காக மட்டும் அன்று. நாம் செய்தித்தாள் படிப்பதுபோல நாய் வழியெங்கும் மோந்து உலகை அறிகிறது. அதனை நிற்கவிடாமல் இழுத்துச் செல்வது, படித்துக் கொண்டிருப்பவர் கையிலிருந்து தாளைப் பிடுங்குவது போன்றதே. பொதுவழியில் அது கழித்ததை நாமே எடுத்து அகற்றுதல் அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

குட்டியைப் பழக்குவதில் பொறுமை வேண்டும். உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே கொண்டுபோய்விட்டு, உரிய இடத்தில் கழித்தவுடன் பாராட்டினால் அது விரைவிலேயே கற்றுக்கொள்ளும். வீட்டினுள் அசுத்தம் செய்துவிட்டால் அதன் முகத்தை அதிலே தேய்ப்பதும் அடிப்பதும் அச்சத்தைக் கற்பிக்குமேயன்றித் தூய்மையைக் கற்பிக்கமாட்டா. நான்கு மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள் அதன் 28 பாற்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. அக்காலத்தில் ஈறு தினவெடுப்பதனால் செருப்பையும் மேசைக் காலையும் கடிப்பது இயல்பு. கடிப்பதற்கேற்ற பொருளைக் கொடுத்துவிட்டுச் செருப்பை உயரத்தில் வைப்பதே அறிவுடைமை.

அடிக்கடி குளிப்பாட்டுவதும் நன்றன்று. மனிதருக்கான சோப்பு நாயின் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையைப் போக்கி அரிப்பை உண்டாக்கும். பெரும்பாலான நாய்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதற்கென்று உள்ள சோப்பினால் குளிப்பாட்டினால் போதுமானது. அதனினும் பயன் தருவது நாள்தோறும் மயிரை வாரிவிடுதல். வாரும்பொழுதே காதின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் உண்ணி உள்ளதா என்று பார்க்கலாம். ஒரு பெண் உண்ணி இரத்தம் குடித்துப் பெருத்தபின் கீழே இறங்கிச் சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆகவே நாயின் உடலில் மட்டும் மருந்திட்டு, வீட்டுச் சுவரையும் படுக்கையையும் விட்டுவிட்டால் உண்ணி ஒழியாது. உண்ணி பரப்பும் காய்ச்சல் நாய்களைக் கொல்லக்கூடியது. நாயின் இயல்பான உடல்வெப்பம் பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102.5 வரை இருக்கும். ஆகவே தொட்டால் சுடுகிறது என்று அஞ்சவும் வேண்டா. சோர்ந்து உணவு மறுத்தால் காலம் தாழ்த்தவும் வேண்டா.

பேணுதலின் தலையாய கடமை தடுப்பூசி. டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளிகளில் முடிக்க வேண்டும். குடற்புழுக்களுக்கும் முறையாக மருந்து கொடுத்தல் வேண்டும். அப்புழுக்களில் சில குழந்தைகளுக்கும் பரவுவன. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, மருத்துவர் கூறியவாறு தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். மாடியை விட்டு இறங்காத நாய்க்கு ஊசி எதற்கு என்று கேட்பவர் உளர். கதவு ஒரு நாள் திறந்திருந்தால் போதும். தெருவில் நேரும் ஒரு கடி போதும்.

வெறிநோய் தோன்றிய பின் அதனைக் குணப்படுத்த நம்பத்தக்க மருந்து இல்லை; தோன்றுமுன் தடுக்க உறுதியான வழி உண்டு. லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனைக் காத்தது அவ்வழியில்தான். நம் நாட்டில் 1900-இல் கசௌலியிலும் 1907-இல் குன்னூரிலும் அவர் பெயரால் நிலையங்கள் எழுந்தன. நாய் கடித்தால், பிறாண்டினாலும்கூட, புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்பி வீட்டிலேயே இருத்தல் உயிரைப் பணயம் வைப்பதாகும். வயிற்றைச் சுற்றி பதினான்கு ஊசி என்று நம் முன்னோர் நடுங்கிய காலம் மறைந்துவிட்டது. இன்று போடுபவை மேற்கையில் சில ஊசிகளே. தன் வீட்டு நாய்க்கு ஊசி போடுபவர் தம் நாயை மட்டுமன்று, தெருவில் விளையாடும் பிறர் குழந்தையையும் காக்கின்றார்.

கோடையில் நாய்க்குத் தனி கவனம் வேண்டும். நம்மைப்போல் உடலெங்கும் வியர்த்து அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ள இயலாது. நாக்கை நீட்டி இளைப்பதே அதற்கு முக்கிய வழி. நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் அடைத்துவிட்டுச் செல்வது சிறிது நேரமாயினும் உயிருக்கு உலையாகும். நண்பகல் வேளையில் தார்ச்சாலையில் நடத்தினால் உள்ளங்கால் வெந்துபோகும். நம் புறங்கையைச் சாலையில் சில விநாடி வைக்க முடியாவிடின் நாயையும் நடத்தலாகாது. தீபாவளி நாளிலோ வேறொரு துன்பம். நம் காது ஏறக்குறைய 20,000 அதிர்வெண் வரையே கேட்கும். நாயின் காது 40,000-ஐயும் கடந்து கேட்க வல்லது. நமக்கு வேடிக்கையான வெடி அதற்குப் பேரச்சம். அன்று வெளியே விடாமல், சன்னல்களை மூடி, ஓர் உள்ளறையில் துணையிருத்தல் நலம்.

சட்டமும் நம்மிடம் சில கடமைகளை வேண்டுகிறது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணிதேவி அருண்டேல் விலங்குகளின் வதையைத் தடுக்க மசோதா ஒன்று கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் பிராணிகள் வதைத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே தலைமை ஏற்றார். போதிய உணவும் நீரும் இருப்பிடமும் அளியாதிருப்பதும், எப்பொழுதும் கட்டிவைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராதிருப்பதும், தக்க காரணமின்றிக் கைவிடுவதும் அச்சட்டப்படி குற்றங்கள். வீடு மாற்றம், பணி மாற்றம், குழந்தைப் பேறு என்று காரணம் காட்டி வளர்ந்த நாயைத் தொலைவில் கொண்டுபோய் விடும் வழக்கம் நகரங்களில் உண்டு. நடுவீட்டில் வளர்ந்த நாய் தெருவில் இரைதேட அறியாது. தெரு நாய்களோடு போராடவும் அறியாது. மெத்தையில் வளர்த்துத் தெருவில் விடுவது, செல்லத்துக்கும் பேணுதலுக்கும் உள்ள இடைவெளியை நமக்குக் காட்டும் கொடிய சான்று.

நாய் விரைவில் முதுமை அடைகிறது. எட்டு, பத்து ஆண்டுகளில் கண்ணில் புகை படரும். படியேற முழங்கால் தயங்கும். அழைத்தால் காது கேளாது. குட்டியாய் இருந்தபொழுது வீட்டார் அனைவரும் அதனைத் தூக்கிக் கொஞ்சினர். கிழமாகும்பொழுது அதற்கு வேண்டுவது மென்மையான படுக்கை, சிறுகச் சிறுக உணவு, ஆண்டுக்கு இருமுறை மருத்துவர் பார்வை, அருகில் ஒரு குரல் ஆகியவையே. குட்டியை வீட்டிற்குக் கொணரும் நாளிலேயே இம்முதுமையையும் கணக்கில் கொள்பவரே நாய் வளர்க்கத் தகுதியுடையவர். நம் வாழ்நாளில் நாய் ஒரு சிறு பகுதி. நாய்க்கோ நாமே அதன் வாழ்நாள் முழுமையும்.