மழைக்கு முன் பறித்த தக்காளி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் மாடித் தோட்டத்துத் தக்காளி தாங்காது. காய்ந்து கிடந்த தொட்டியில் திடீரெனத் தண்ணீர் நிறைந்ததும் பழம் வெடித்து அழுகும். முற்றிய காயாகவே பறித்துவிடுவது நல்லது.

ஆனால் எல்லாக் காயும் பழுக்காது. ஒன்றை அறுத்துப் பாருங்கள். விதைகள் கத்தியில் சிக்காமல் வழுக்கினால் அந்த அளவுக் காய்கள் பழுத்துவிடும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் பிஞ்சு. தால்ச்சாவில் மாங்காய்க்குப் பதில் போடலாம், புளிப்பு சரியாகவே இருக்கும்.

முற்றியவற்றைத் துடைத்து அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஒரு பழுத்த வாழைப்பழத்தையும் உள்ளே வையுங்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு காயைப் பழுக்க வைக்கும். வெயில் வேண்டாம், 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு ஏறாமல் மஞ்சளாகவே நின்றுவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பதே நின்றுபோகும். தினமும் திறந்து பார்த்து அழுகியதை எடுத்துவிடுங்கள்.

அவசரத்துக்குக் கார்பைடு கல் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அதில் ஆர்சனிக் போன்ற நச்சுகள் இருக்கக்கூடும். பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்த நம் நாட்டில் தடையும் இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிடும் பொருளில் அதைத் தொடவே வேண்டாம்.

மிஞ்சியதை வற்றல் போட மழைக்காலத்தில் நாங்கள் சொல்ல மாட்டோம். அரைகுறையாகக் காய்ந்தால் பூசணம் பிடிக்கும், அதைக் கழுவிச் சமைப்பதும் ஆகாது. எண்ணெய் பிரியும்வரை தொக்காகக் கிளறி, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.